தரையால் ஓடிய சண்டைப் பிளேன்

அடுத்த வீட்டில் யாரோ பிளெண்டரைப் போடுகிறார்கள். முதலில் அடித்தொண்டையில் ஒரு முனகல். அது மெல்ல ஏறி, ஏறி, பல் கூசும் உயரத்தில் போய் நின்று அங்கேயே கத்துகிறது. மாம்பழச் சாறோ மிளகாய்ச் சம்பலோ தெரியாது. என் இடது கை மட்டும் தன் பாட்டில் மேசைமேல் முன்னுக்கு நகர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு பிடியைத் தள்ளுகிறது. தேநீர் ஆறுகிறது. தலை நரைத்த வயதில் இடுப்பில் கட்டிய சாரத்தோடு உட்கார்ந்து ஒரு போர்விமானத்தின் எஞ்சினைக் கிளப்பிக்கொண்டிருக்கிறேன். மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள்.

"எரிபொருள் திறந்தீங்களா?"

அவளும் மறக்கவில்லை.

அப்போது நாங்கள் மட்டக்களப்புப் பக்கம் செட்டிபாளையத்தில் இருந்தோம். கிழக்கே நடந்தால் கடல், மேற்கே நடந்தால் வாவி, நடுவில் மனைவியின் வீடு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்தான் பெட்டி படுக்கையோடு பெண் வீட்டுக்குப் போவான். நானும் போனேன்: ஒரு பெட்டி உடுப்பு, ஒரு பெட்டி புத்தகம், ஒரு பழைய கணினி. முதல் இரண்டையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சண்டை மூச்சு வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. பேச்சுவார்த்தை நடப்பதாக வானொலி சொன்னது. வானம் வெறும் வானமாக இருந்தது. கொக்கும் காகமும் மட்டும் அதைப் பாவித்தன. குண்டுக்கு ஒளிய வீட்டு வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் மாமி, என் மனைவியின் தாய், ஆடு கட்டியிருந்தார். ஆனால் காதுகளுக்கு யாரும் சமாதானத்தை அறிவிக்கவில்லை. தகரத்தில் தேங்காய் விழுந்தால் தெருவே ஒருமுறை குனிந்து நிமிரும்.

எல்லாரையும் விட அதிகமாகக் குனிபவன் மச்சான், என் மனைவியின் அண்ணன். உழவு மெசின் ஓட்டுகிறவன். வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம். வட்டையில் அவன் உழுதுவிட்டுப் போன இடம் யாரோ சீப்பால் வாரிவிட்டது போலக் கிடக்கும். பாம்புக்குப் பயமில்லை. ஆமிக்குக்கூட அளவான பயம்தான். விமானம் என்றால் மட்டும் எலும்பு கரைந்துவிடும். நாய்க்குக் கேட்பதற்கு முன் அவனுக்குக் கேட்கும். ஊரே அண்ணாந்து, அது என்ன சத்தம் என்று யோசிக்கும்போது, அவன் பங்கருக்குள் இருந்து "வாங்க வாங்க, இன்னும் இடம் கிடக்கு" என்று அழைப்பான்.

அப்படிப்பட்டவனுக்கு அரபு நாட்டில், கட்டாரில் வேலை கிடைத்தது. பெரிய பெரிய மெசின்கள் ஓட்டும் வேலை. விசாவும் வந்தது. வீடு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

"மச்சான், கட்டாருக்கு பஸ் இல்லையா?"

"நடுவுல கடல் கிடக்கு மச்சான்."

"கப்பல்?"

"கப்பல்ல போய்ச் சேரக்குள்ள விசா முடிஞ்சிரும்."

"அப்ப நான் போகல்ல."

கரடியனாற்றில் அவனுக்குப் பெண் பேசி வைத்திருந்தார்கள். பெண்ணின் தகப்பன், மாப்பிள்ளை வெளிநாடு போய் வரட்டும், மறுகாப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தார். இந்த விசா தவறினால் இன்னொன்று கிடைப்பது கஷ்டம் என்று ஏஜன்சியிலும் சொல்லிவிட்டார்கள். கோயில் திருவிழா முடிந்த கையோடு பயணம். அதற்குள் மச்சானை விமானத்தில் ஏறச் சம்மதிக்க வைக்க வேண்டும். மாமி நேர்த்தி வைத்தார். மனைவி அழுதாள். நான் யோசனை சொன்னேன்.

"பழக்கினா பயம் போயிரும். நாய்க்குட்டிய வெடிச் சத்தத்துக்குப் பழக்குற மாதிரி."

"அண்ணன நாய் எண்டுறீங்களா?" என்றாள் மனைவி.

மட்டக்களப்பு டவுனில் கொம்பியூட்டர் கடை வைத்திருந்தவர் இரண்டு சிடி காட்டினார். ஒன்றில் மார்க்கரால் 'பிளேன்' என்றும் மற்றதில் 'பெரிய பிளேன்' என்றும் எழுதியிருந்தது. பெரிய பிளேனில் பயணிகள் போவார்கள், ஆனால் அது என் கணினியில் ஓடாது என்றார். "இதக் கொண்டு போங்க. அசல் மாதிரியே இரிக்கும்." கூடவே ஒரு ஜோய்ஸ்டிக்கும், கதவுக்கு முட்டுக்கொடுக்கக்கூடிய தடிப்பில் போட்டோக்கொப்பி எடுத்த ஒரு விளக்கப் புத்தகமும் தந்தார்.

வீட்டில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது சண்டைப் பிளேன். செட்டைகளுக்குக் கீழே குண்டுகள் புடலங்காய் போலத் தொங்கின. மாமி முதல் வேலையாகப் புத்தகத்தின் அட்டையைக் கிழித்து அடுப்பில் போட்டார். ஆமி செக்கிங் வந்தால், சண்டைப் பிளேன் படம் போட்ட புத்தகம் இந்த வீட்டில் எதற்கு என்று யார் பதில் சொல்வது? பிறகு எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். மாமி என்னோடு நேரே பேச மாட்டார். மருமகனோடு மாமியார் நேரே பறைவது அந்த வீட்டில் முறையில்லை. நான் பக்கத்தில் நின்றாலும் சொல் மகள் வழியாகத்தான் சுற்றி வரும்.

"புள்ள, புது வாகனத்தச் சும்மா எடுக்கப்படா எண்டு அவரிட்டச் சொல்லு."

"அம்மா சொல்றா, சும்மா எடுக்கப்படாவாம்."

எலுமிச்சம்பழத்தை நசுக்க அந்த வாகனத்துக்குத் திரைக்கு வெளியில் சில்லு இல்லை. மவுஸால் ஏற்றி நசுக்கப் பார்த்தேன். பழம் உருண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. "சகுனம்" என்றான் மச்சான், மிகவும் திருப்தியாக.

ஒரு பட்டனை அமத்தினால் விமானம் பாயும் என்றுதான் நினைத்திருந்தேன். அது அசையவில்லை. அசல் மாதிரி என்று கடைக்காரர் சொன்னதன் பொருள் மெல்ல விளங்கியது. அசல் விமானம் ஓடுபாதையில் எஞ்சின் செத்துக் கிடக்கும். அதை எழுப்ப வேண்டும். திரை நிறையச் சுவிட்சுகள். பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பித்த என் மனைவி புத்தகத்தை மடியில் வைத்து, மீன்குழம்புக்குப் பக்குவம் சொல்வது போலத் தமிழில் சொல்லிக்கொண்டு போவாள்.

"முதல்ல பற்றரி. மறுகா சின்ன எஞ்சின். அது பெரிய எஞ்சினச் சுத்திவிடும். முள்ளு இருபதுக்கு வந்தாப்பிறகு எரிபொருளத் திறக்கோணும். முந்தித் திறந்தாக் கருகிப் போகும்."

மச்சான் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றான். சத்தமில்லாத விமானத்தில் அவனுக்குப் பயமில்லை, மெசின்காரனின் ஆவல்தான்.

"கிளச் எங்க?"

"கிளச் இல்ல மச்சான்."

"கிளச் இல்லாம என்னெண்டு கியர் போடுற?"

"இதுல கியர் எண்டாச் சில்லு. மேல போனதும் உள்ளுக்கு மடிக்கிற."

"சில்ல உள்ளுக்கு மடிச்சுப்போட்டு என்னெண்டு ஓடுற? பேயன் செஞ்ச மெசின்."

பின்னேரங்கள் பல அப்படிப் போயின. முள் இருபதைத் தொடப் போகும் நேரம் பார்த்துக் கரண்ட் போகும். யூபிஎஸ் குஞ்சைத் தொலைத்த கோழி போலக் கத்தும். ஓடிப்போய் எல்லாவற்றையும் நிறுத்துவோம். அடுத்த நாள் மீண்டும் பற்றரி, மீண்டும் சின்ன எஞ்சின். வாவிப்பக்கக் காற்று யன்னலால் வந்து புத்தகத்தின் தாள்களைப் புரட்டி, எங்களைத் தரையிறங்கும் அத்தியாயத்துக்குக் கொண்டு போய்விடும். நாங்கள் இன்னும் எழும்பவே இல்லையே என்று திருப்பிப் புரட்டுவோம்.

என் கணினியின் ஸ்பீக்கர் செத்திருந்ததால், ஒருநாள் மத்தியானம் அதை மாமியின் பாட்டுப் பெட்டியோடு தொடுத்தேன். காலையில் மாமி ஊருக்கே பக்திப் பாட்டுப் போட்ட அளவில்தான் சத்தம் திருகியிருந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. பற்றரி. சின்ன எஞ்சின். முள் இருபது. எரிபொருளைத் திறந்தேன்.

எழும்பியது. தரைக்கு அடியிலிருந்து கிளம்பிய ஒரு முனகல், சுவரில் தொங்கிய கலண்டரை நடுங்கவைத்து, ஓட்டுக்கு மேலே போய், வானம் முழுவதும் தன்னுடையது என்று கத்தியது.

"எழும்பிட்டு! மச்சான், எழும்பிட்டு!"

திரும்பினேன். மச்சான் இல்லை. மனைவி இல்லை. புத்தகம் தரையில் கிடந்தது. முற்றத்துக்கு ஓடினேன். பங்கரில் குடியிருந்த ஆடு வெளியே நின்று, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட கோபத்தோடு என்னைப் பார்த்துக் கத்தியது. வாசல் படலையில், தெருவால் போன ஐஸ்பழக்காரரின் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. ஐஸ்பழக்காரர் இல்லை.

பங்கர் வாசலில் குனிந்து கூப்பிட்டேன். "வெளிய வாங்க, ஒண்டுமில்ல. அது என்ட பிளேன்."

உள்ளேயிருந்து அடுத்த வளவு அக்காவின் குரல் வந்தது. "உன்ட பிளேனா? நீ எப்படா பிளேன் வாங்கின?"

ஒவ்வொருவராக வந்தார்கள். மாமி, மனைவி, ஐஸ்பழக்காரர், கடைசியில் கையில் அகப்பையோடு அக்கா.

"குழம்புக்கு உப்புப் போட்டனா இல்லையா எண்டு தெரியாமப் பாஞ்சு வந்திரிக்கன். நாசமாப் போவானே, சமாதான காலத்துல வீட்டுக்குள்ள வெச்சு குண்டு போடுற கிபிர் ஓட்டுறியா?"

"இது கிபிர் இல்லக்கா, வேற ரகம்."

"ரகம் பாத்தா நாங்க ஓடுற?"

உருகின ஐஸ்பழங்களை நின்ற இடத்திலேயே எல்லாரும் நக்கித் தீர்த்தோம். மச்சான் மட்டும் இன்னும் பங்கருக்குள். வெகு நேரத்துக்குப் பிறகு தவழ்ந்து வந்தான், தலைமுடியில் ஆட்டுப் புழுக்கையோடு. நேரே அறைக்குப் போனான்.

"மச்சான், அத நிப்பாட்டுற பட்டன் எது?"

காட்டினேன். அமத்தினான். சத்தம் செத்தது. பிறகு, எழுப்பித் தா என்றான். எழுப்பினேன். அது கத்தத் தொடங்கியதும் கண்ணை இறுக்கி மூடி, விரலால் தடவி, மீண்டும் கொன்றான். அன்று பொழுது சாயும்வரை வேறொன்றும் செய்யவில்லை. எழுப்புவதும் நிறுத்துவதும். இத்தனை வருடம் மேலேயிருந்து அவனைத் துரத்திய சத்தம் இப்போது அவன் விரலுக்குக் கீழே. ஒவ்வொரு முறையும் வேலிக்கு அப்பாலிருந்து அக்கா கேட்டுக்கொண்டிருந்தா: "இப்ப ஓடவா, இரிக்கவா?"

"இரியக்கா! இரியக்கா!" என்று மச்சான் பதில் கொடுத்தான். அவன் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

அடுத்த நாளிலிருந்து விமானம் அவனுடையது. ஆனால் மேலே போக மாட்டேன் என்றுவிட்டான். தரையால் ஓட்டினான். உலகத்தின் வேகமான போர்விமானத்தை உழவு மெசினின் வேகத்தில், ஓடுபாதையின் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புவரை கொண்டுபோய், வரம்பில் நின்று கிறுகி, போன சாலுக்குப் பக்கத்துச் சாலில் திரும்பி வந்தான். பாதை முடிந்ததும் சுற்றியிருந்த பாலைவன மணலில் இறக்கினான். அந்தப் பாலைவனத்தில் ஒரு பங்கை உழுது முடித்திருப்பான். பின்னால் நின்று பார்த்த மாமிக்கு நம்பிக்கை வந்தது.

"புள்ள, இப்பிடியே தரையாலயே கட்டாருக்குப் போகேலாதா எண்டு அவரிட்டக் கேளு."

மேலே போனது தவறுதலாகத்தான். ஒரு பின்னேரம், கரண்ட் போவதற்குள் அந்தப் பங்கை முடித்துவிடலாமென்று பிடியை முழுதாகத் தள்ளி, கையையும் சற்றே பின்னால் இழுத்துவிட்டான். மூக்கு எழுந்தது. பூமி வழுகிப்போனது.

"மச்சான், தரையக் காணல்ல!"

"பயப்படாத, நேராப் பிடி!"

"இறக்கம்!" என்று கத்தினான். "இறக்கம்! இறக்கம்!"

பஸ்ஸில் நாம் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போகும்போது நடத்துனருக்குக் கேட்கும்படி கத்துகிற அதே இறக்கம். மனைவி பதறிப்போய்ப் புத்தகத்தைக் குலைத்து, விமானத்தை விட்டு ஆள் இறங்கும் வழியைக் கண்டுபிடித்து அந்தப் பட்டன்களை அமத்திவிட்டாள். திரையில் விமானத்தின் மூடி பறந்தது. கதிரையோடு மச்சான் வானத்துக்குப் போய், பரசூட் விரித்து, தாமரை இலையில் இறங்கும் தும்பி போல ஆடி ஆடி மணலில் வந்து நின்றான். தூரத்தில் விமானம் எரிந்தது.

"இது நல்ல பிளேன்" என்றான் மச்சான், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "கேட்ட இடத்துல இறக்குறான்."

அதன் பிறகு தினமும் பறந்தான். ஏறுவான், இரண்டு வட்டம் அடிப்பான், "இறக்கம்!" என்பான், பரசூட். விமானங்கள் போய்க்கொண்டே இருந்தன. "பிளேன் போனாப் போகட்டும், ஆள் தப்பினாக் காணும்" என்றார் மாமி. வீடு பெருமையில் இருந்தது. நான்தான் கெடுத்தேன்.

"மச்சான், கட்டார் பிளேன்ல அந்தப் பட்டன் இல்ல."

அவன் பிடியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். "அப்ப என்னெண்டு இறங்குற?"

"பிளேன் இறங்கும். நீ உள்ளுக்கு இரிக்கோணும்."

"முழுசா இறங்குமா?"

"இறங்கும்."

"இதுவரைக்கும் ஒண்டாவது இறங்கினதக் கண்டியா நீ?"

உண்மைதான். எங்கள் வீட்டில் ஏறிய ஒரு விமானமும் முழுதாக இறங்கவில்லை. மச்சான் எழுந்து போய்ச் சோறு திண்ட கோப்பையைக் கழுவினான். கழுவியபடியே சொன்னான்: "நான் போகல்ல. சொல்லிப்போடுங்க." திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது.

அன்று பின்னேரம் அக்கா வந்தா. குழம்புக்கு உப்புப் போடாமல் விட்ட கோபம் ஆறியிருந்தது, வேறொன்று குடைந்துகொண்டிருந்தது.

"தம்பி, ஒண்டு கேக்கோணும். மேலேருந்து பாத்தா நாங்க எப்பிடித் தெரிவம்?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் எப்போதோ கேட்க நினைத்த கேள்வி அது. ஐஸ்பழக்காரரும் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். ஒரே ஒருக்கா ஏறு என்று மச்சானைக் கெஞ்சினார்கள். அக்கா சொன்னதைத் தட்ட முடியாமல் உட்கார்ந்து கிளப்பினான்.

அந்தப் பாலைவனத்தின் ஓரத்தில் எங்கோ ஒரு நீர்ப்பரப்பு மினுங்கியது. "வாவி!" என்றா அக்கா. யாருடைய கடலோ, எந்த நாட்டு நதியோ. அந்த நொடியில் அது எங்கள் வாவியாகிவிட்டது. மச்சான் பஸ் நடத்துனர் போலச் சொல்லிக்கொண்டு போனான்: "இது கல்லடிப் பாலம். இது டவுன். இஞ்சால கிறுகினா நம்மட ரோட்டு." ஒரு பெட்டி போன்ற சாம்பல் நிறக் கட்டடம் வந்தது. "என்ட வீடு!" என்று அக்கா திரையில் விரலை வைத்தா. "பாரன், கூரைல காயப்போட்ட மிளகாயும் தெரியுது." ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் எல்லாரும் மிளகாயைப் பார்த்தோம். ஐஸ்பழக்காரருக்குத் தன் சைக்கிளும் தெரிந்தது.

பார்க்க இன்னும் கீழே போ என்றார்கள். போனான். பேச்சு மும்முரத்தில் பெருவிரல் எதையோ அமத்தியது. அடியில் தொங்கியது ஒன்று கழன்று, மெதுவாக, மிக மெதுவாகப் போய், அக்காவின் வீட்டில் விழுந்தது.

புகை எழுந்தது.

"அடேய்" என்றா அக்கா, சன்னமாக. "உள்ளுக்குக் கோழி அடைச்சிரிக்கன்டா."

முதலில் ஐஸ்பழக்காரர் சிரித்தார். பிறகு அக்கா. பிறகு அழுதபடி சிரித்தாவா, சிரித்தபடி அழுதாவா என்று தெரியாதபடி எல்லாரும். மச்சான் மட்டும் வெளிறிப்போய், கையை மேசைக்குக் கீழே ஒளித்துக்கொண்டான். மாமி முன்னுக்கு வந்தார்.

"புள்ள, அவரிட்டச் சொல்லு. கீழ தொங்குற சாமானெல்லாத்தையும் கழட்டி வெச்சிட்டு மறுகா எடுக்கட்டும். அத வெச்சுக்கொண்டு என்ட புள்ள எங்கயும் போகப்படா."

மனைவி பக்கங்களைப் புரட்டினாள். கழற்றுவதற்கும் ஒரு திரை இருந்தது. குண்டு, ஏவுகணை, அதிகப்படி எரிபொருள் தாங்கி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டோம். மொட்டையாக நின்றது, குளித்துவிட்டு வந்த பிள்ளை போல.

மச்சான் ஏறினான். முதல் வட்டத்திலேயே புருவத்தை உயர்த்தினான். "பாரமில்ல மச்சான். பின்னால இழுக்கிற பெட்டியக் கழட்டின மெசின் மாதிரி." மனைவி இறங்கும் பக்குவத்தை வாசித்தாள். வேகத்தைக் குறை. சில்லை வெளியே விடு. மூக்கைத் தூக்கிப் பிடி. ஓடுபாதை சாய்ந்து சாய்ந்து வந்தது. அவன் வாய் "இற..." என்று திறந்தது. மூடிக்கொண்டான்.

பாதையில் விழவில்லை, பக்கத்து மணலில் விழுந்தது. துள்ளியது. மீண்டும் துள்ளியது. வேறு யாரென்றாலும் கவிழ்த்திருப்பான். மணலிலும் சேற்றிலும் மெசினைப் பிடித்து வளர்ந்த கை அது. இடதும் வலதுமாக அணைத்து அணைத்து, புழுதி கிளப்பிக்கொண்டு போய் ஒரு செட்டை சரிந்தபடி நிறுத்தியது. எரியவில்லை. மச்சான் உள்ளே இருந்தான். விமானமும் இருந்தது.

யூபிஎஸ் கத்தியது. கரண்ட் போயிருந்தது. யாரும் எழுந்து ஓடவில்லை.

"இறங்குதுதான்" என்றான் மச்சான்.

கட்டுநாயக்காவுக்கு ஒரு வாடகை வானில் மச்சானை ஏற்றிக்கொண்டு போனோம், மாமியும் மனைவியும் நானும். விமான நிலையத்தின் வாசலில் நிற்கும்போது தலைக்கு மேலே ஒன்று இரைந்துகொண்டு எழும்பியது. நாங்கள் மூவரும் ஒன்றாகக் குனிந்தோம். மச்சான் குனியவில்லை. வெள்ளைச் சேட்டும் புதுச் சப்பாத்துமாக நிமிர்ந்து நின்று, கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தான்.

"சில்லு மடிக்கச் சுணக்கிட்டான்" என்றான் கண்டிப்பாக.

தங்கையின் தலையைத் தடவினான். என் தோளில் ஓர் அடி அடித்தான். தாயின் காலைத் தொட்டுவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றான். முன்னும் பின்னும் சனம். துவக்கோடு இரண்டு ஆமிக்காரர் ஒவ்வொரு கடவுச்சீட்டாகத் திருப்பிப் பார்த்தார்கள். அவன் முறை வர, மாமி தடுப்புக் கம்பியில் எக்கி, செட்டிபாளையத்தில் வாவிக்கு அக்கரையில் நிற்பவரைக் கூப்பிடும் குரலில், அங்கு நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினார்:

"மனே! ஆரு கேட்டாலும் உனக்குச் சண்டைப் பிளேன் ஓட்டத் தெரியும் எண்டு மட்டும் வாய் திறந்திராத!"